ஆப்ரவாசி காட் படித்துறையில் ஒரு நாள்: போர்ட் லூயி நெரிசலுக்குள் ஒரு மாணவர் பயணத்துக்கான முழு வழிகாட்டி

பள்ளியில் படிக்கும்போது எங்களை ஒருமுறை பேருந்தில் ஏற்றி, மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில் உள்ள ஆப்ரவாசி காட் என்ற பழைய படித்துறைக்குக் கூட்டிப்போனார்கள். உச்சிவெயில் நேரம். ஆசிரியர் பலகையில் இருந்ததை உரக்கப் படித்தார், கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டோம், இருபது நிமிடத்தில் துறைமுகக் கடைகளுக்குக் கிளம்பிவிட்டோம். கறுப்புக் கல்லில் நாலு சுவரும் சில படிகளும்தான் நினைவில் தங்கின. சில வருடம் கழித்து, நான் பல்கலைக்கழகம் சேர்ந்த பிறகு, பாட்டி ஒரு எண்ணைச் சொன்னார். அவருடைய தாத்தா கப்பலில் வந்து இறங்கியபோது கொடுக்கப்பட்ட எண். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அதே இடத்துக்குத் தனியாகப் போனேன். மூன்று மணி நேரம் ஆகியும் வெளியே வர மனம் வரவில்லை.

இரண்டாவது முறை போனதைப் போன்ற ஒரு நாளை நீங்களும் அமைத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். மொரிஷியஸில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் உதவும், தமிழ்நாட்டிலிருந்து இங்கே படிக்க வந்தவர்களுக்கும் உதவும்.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

மொரிஷியஸில் அடிமை முறை 1835 பிப்ரவரி 1 அன்று ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவை. விடுதலை பெற்றவர்களின் இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்து வேலை நடக்குமா என்று பிரிட்டிஷ் அரசு இந்தத் தீவில்தான் சோதித்துப் பார்த்தது. ‘மகத்தான சோதனை’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அடிமை முறை ஒழிவதற்கு முன்பே, 1834 நவம்பர் 2 அன்று, ‘அட்லஸ்’ என்ற கப்பலில் 36 பேர் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு கல்கத்தா, மதராஸ், பம்பாய் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக வந்தவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். 1849இல் போர்ட் லூயியின் துரூ ஃபான்ஃபரோன் கரையில் அவர்களை இறக்கிப் பதிவு செய்ய ஒரு டெப்போ அமைந்தது. ஆப்ரவாசி காட் என்று நாம் பார்ப்பது அந்த டெப்போவின் மிச்சம். 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

முன்பு இதற்குக் ‘கூலி காட்’ என்று பெயர். 1980களின் பிற்பகுதியில்தான் மாற்றினார்கள். ஆப்ரவாசி என்றால் குடியேறியவர், காட் என்றால் படித்துறை. பழைய பெயரில் இருந்த ‘கூலி’ நம்முடைய சொல். செய்த வேலைக்குக் கிடைக்கும் காசுக்குத்தான் நாம் கூலி என்போம். அதை மனிதர்களுக்கே பெயராகச் சூட்டியது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பது தமிழ் தெரிந்தவர்களுக்கு இன்னும் கூர்மையாக உறைக்கும். அங்கே நிற்கும்போது இதை மறக்காதீர்கள்.

1. ஒரு வாரம் முன்னால்: பெயரைத் தேடுங்கள்

பலரும் தவறவிடுவது இதைத்தான். என் கணக்கில் இந்தப் பயணத்தில் பாதி இதுதான்.

வீட்டில் மூத்தவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலில் வந்தவரின் பெயர் என்ன? எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்? வீட்டில் பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா? எண் நினைவிருந்தால் பெரிய அதிர்ஷ்டம். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். அவருடைய வாழ்நாள் முழுவதும் எல்லாக் காகிதத்திலும் அந்த எண்தான் முன்னால் நின்றது, பெயர் அதற்குப் பின்னால்.

அடுத்து மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போங்கள். குடியேற்றப் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடல் அடையாளம், சாதி, ஜில்லா, கிராமம், கப்பல், அனுப்பப்பட்ட தோட்டம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். பிற்காலத்தில் வந்தவர்களில் பலருக்குப் புகைப்படமும் உண்டு. வம்சாவளி தேடுபவர்களுக்கு அங்கே உதவுகிறார்கள். ஆனால் போனவுடன் கையில் கிடைத்துவிடாது. பயணத்துக்கு முதல் நாள் போய் நிற்காதீர்கள்.

தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். அதைப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வாய்க்கேற்றபடி மாற்றினார்கள். முத்து ‘மூட்டூ’ ஆனார், சின்னத்தம்பி ‘சினத்தாம்பு’ ஆனார். இடப்பெயர்களுக்கும் இதே கதிதான். தஞ்சாவூரையும் திருச்சியையும் கண்டுபிடித்துவிடலாம். சின்னக் கிராமத்தின் பெயரைப் பத்து விதமாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும்.

எண் கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துபோக வேண்டாம். எல்லாத் தமிழர்களும் இந்தப் படி வழியாக வரவில்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே, பிரெஞ்சு ஆட்சியில், புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களும் கொத்தர்களும் வந்து இந்த நகரத்தைக் கட்டினார்கள். உங்கள் குடும்பம் அந்த வழியில் வந்திருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவராக இருந்தால், உங்கள் மாவட்டத்திலிருந்து வந்த யாரோ ஒருவரின் பெயரைக் காட்சிக்கூடத்தில் தேடி எடுத்து, அவரோடு சேர்ந்து படியேறுங்கள்.

2. நாளைத் தேர்ந்தெடுப்பது

செவ்வாய், புதன், வியாழன் நல்லது. சனிக்கிழமை அரை நாள்தான், ஞாயிறு மூடியிருக்கும். நவம்பர் 2 அரசு விடுமுறை. அன்று அங்கே விழா நடக்கும். வாழ்நாளில் ஒருமுறை அதையும் பார்க்கலாம், ஆனால் கற்களைப் பார்க்க அது நாளல்ல.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் தாங்கலாம். நவம்பருக்கு மேல் போர்ட் லூயி கொதிக்கும். மலைகள் காற்றை மறைத்துவிடுகின்றன. மேட்டு ஊரான கூர்பிப்பில் தூறலில் குடையோடு கிளம்பி, அரை மணியில் இங்கே வந்து வெயிலுக்கு அதே குடையைப் பிடிப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம்.

மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை. 2013 மார்ச் 30 அன்று பெய்த மழையில் போர்ட் லூயிக்குள் வெள்ளம் புகுந்து 11 பேர் இறந்தார்கள். கோதான் துறைமுகக் கடைகளின் பக்கத்துச் சுரங்க நடைபாதையில் சிக்கியவர்களும் அதில் உண்டு. வானம் இருண்டு மழை வலுத்தால் சுரங்கப்பாதையில் இறங்காதீர்கள். மேலே ஒரு கட்டடத்துக்குள் நின்றுகொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் கிளம்பவே வேண்டாம்.

3. பையில் என்ன

தண்ணீர், தொப்பி, கெட்டி அட்டைக் குறிப்பேடு, பென்சில், சில்லறை நோட்டுகள், மாணவர் அட்டை, எண் எழுதிய தாள். பை முதுகில் தொங்காமல் மார்புப் பக்கம் இருக்கட்டும். சந்தை நெரிசலில் அதுதான் பாதுகாப்பு.

4. போய்ச் சேருவது

மெட்ரோதான் எளிது. கூர்பிப், குவாத்ர் போர்ன், ரோஸ் ஹில் வழியாக வரும் பாதை முடியும் நிலையத்துக்கே ஆப்ரவாசி காட் என்று பெயர். ஏழிலிருந்து எட்டரை வரை அலுவலகம் போகிறவர்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். எட்டரைக்கு ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், ஒன்பது மணி அளவில் அங்கே இருக்கலாம். திரியோலே, குட்லேண்ட்ஸ் போன்ற வடக்கு ஊர்களிலிருந்து வரும் பேருந்துகள் இம்மிகிரேஷன் சதுக்கத்தில் நிற்கும், அங்கிருந்து கூப்பிடு தூரம். தெற்கிலிருந்து வந்தால் விக்டோரியா பேருந்து நிலையத்தில் இறங்குவீர்கள். அங்கிருந்து நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும்.

இறங்கியதும் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஒரு பக்கம் நெடுஞ்சாலையின் இரைச்சல், இன்னொரு பக்கம் பேருந்துகள், அவசரமாக நடக்கிற ஆயிரம் பேர். இதற்குள் எங்கே பழைய கட்டடம் என்று தேடுவீர்கள். அந்த நெடுஞ்சாலையே டெப்போவை அறுத்துக்கொண்டு போனதுதான். முழு வளாகத்தில் சிறு பகுதிதான் பிழைத்தது. எனவே சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்திலும் இந்த இடம் அமைதியாக இருந்ததில்லை. நூற்றுக்கணக்கானவர்கள், பல மொழிகள், அழுகிற குழந்தைகள், கத்துகிற சிப்பந்திகள் என்று அப்போதும் இரைச்சல்தான்.

5. கற்களைப் பார்ப்பது

நுழைவுக் கட்டணம் இல்லை. வரவேற்பில் வழிகாட்டி கிடைப்பாரா என்று கேளுங்கள். கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அரை மணி கழித்து வரச் சொல்லுங்கள். அந்த அரை மணி நீங்கள் மட்டும் கற்களோடு இருங்கள். காட்சிக்கூடத்துக்குள் முதலில் போனால், அங்கே படித்ததையே வெளியே தேடிக்கொண்டிருப்பீர்கள். முதலில் கண், பிறகு பலகை.

வரிசை முக்கியம். நம்மவர்கள் நடந்த வரிசையிலேயே நடக்க வேண்டும். கடல் பக்கத்துப் படிகளிலிருந்து தொடங்குங்கள். கப்பலிலிருந்து படகில் இறக்கி, படகிலிருந்து இந்தப் படிகளில் ஏற்றினார்கள். வாரக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்த கால்கள் முதன்முதலாகக் கல்லைத் தொட்ட இடம் அது. குனிந்து அந்தப் படியைத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர்க் கருங்கல் போலத் தெரியும், ஆனால் இது எரிமலைக் குழம்பு உறைந்த கல், சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். வயல்களில் குவித்து வைத்திருக்கும் கற்களும் இதே இனம்தான். கரும்பு நடுவதற்கு முன் அந்தக் கற்களைப் பொறுக்கி ஓரத்தில் அடுக்கியதும் இந்தப் படியில் ஏறியவர்கள்தான்.

படிகளை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து நுழைவாயில், காவலர் அறை. பிறகு தங்குமிடக் கொட்டகைகளின் அடித்தளம். ஓரிரு இரவுகள் இங்கே தரையில் படுத்து, எந்தத் தோட்டம் என்று தெரியாமல் காத்திருந்தார்கள். தோட்டம் முடிவானதும் ஐந்து வருட ஒப்பந்தம், ஆண்களுக்கு மாதம் ஐந்து ரூபாய் சம்பளம், கூடவே அரிசி பருப்பு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். ‘இரட்டை வெட்டு’ என்பார்கள் அதை. அந்தத் தரையின் முன்னால் நின்று இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதத்தில் ஐந்து நாள் வேலைக்கு வராவிட்டால் பத்து நாள் கூலி போனது.

மருத்துவமனைப் பகுதியில் நேரம் செலவிடுங்கள். சமையலிடம், கழிப்பிடம், மருத்துவரின் அறை எல்லாம் தடயமாக இருக்கின்றன. கப்பலில் காலரா இருந்தால் இங்கே இறக்கவே விடமாட்டார்கள், வடக்கே உள்ள பிளாட் தீவு போன்ற இடங்களில் தனிமைப்படுத்தினார்கள். எனக்கு அந்தக் கழிப்பிடத்துக் கற்கள்தான் எல்லாவற்றையும்விட நெருக்கமாக இருந்தன. பெரிய வாயிலைக் காட்டி வரலாறு என்று சொல்வது சுலபம். ஒரு தாய் இருட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற இடத்தைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது.

சுவர்களில் கற்களுக்கு நடுவே உள்ள பூச்சையும் கவனியுங்கள். பிற்காலத்தில் சிமெண்ட் பூசிச் செய்த பழுதுபார்ப்பு கல்லுக்குக் கேடு என்று தெரிந்து, அதை எடுத்துவிட்டுப் பழைய முறையில் சுண்ணாம்புச் சாந்து வைத்தார்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விடும், சிமெண்ட் விடாது. கட்டடக்கலையோ பொறியியலோ படிப்பவர்கள் அரை மணி இங்கேயே நிற்கலாம்.

சுவரில் ஏறாதீர்கள், உட்காராதீர்கள். படம் எடுக்கலாம். கையில் இருக்கும் எண்ணைப் படியருகே பிடித்து ஒரு படம் எடுங்கள்.

6. காட்சிக்கூடம்

இப்போது உள்ளே போங்கள். 2014இல் திறந்த விளக்க மையம் இது, இந்த இடத்தைக் காக்க முயன்ற பீக்ரம்சிங் ராம்லால்லா பெயரில். பதிவேட்டுப் பக்கங்கள், புகைப்படங்கள், அடையாளச் சீட்டுகளைத் தேடிப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்த ‘பழைய குடியேறிகள்’ கூட 1867 சட்டத்துக்குப் பிறகு தங்கள் படம் ஒட்டிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. இல்லாமல் பிடிபட்டால் நாடோடி என்று சிறை. 1871இல் அடோல்ஃப் த பிளெவிட்ஸ் என்ற தோட்ட நிர்வாகி இவர்களுக்காக ஒரு மனு எழுத, 9,401 பேர் அதில் ஒப்பமிட்டார்கள். அதன் பலனாக அரச விசாரணைக் குழு வந்தது. மனுவைப் பற்றித் தெரிந்துகொண்டு வெளியே வந்தால் அந்தப் படிகள் வேறு மாதிரித் தெரியும். ஏறி வந்தவர்கள் தலைகுனிந்தே இருந்துவிடவில்லை.

பிறகு இன்னொரு முறை, ஐந்து நிமிடம், கற்களைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

பக்கத்தில் பழைய இராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில் அடிமை முறை பற்றிய அருங்காட்சியகம் இருக்கிறது. நமக்கு முன்னால் இந்தக் கரும்பை வெட்டியவர்களின் கதை அங்கே. தவிர்க்காதீர்கள். இரண்டையும் ஒரே காலையில் பார்த்தால்தான் எந்த இடத்தை நிரப்ப நம்மை அழைத்துவந்தார்கள் என்பது புரியும்.

7. மதியம்: சந்தை

பதினொன்றரைக்குக் கிளம்பி மத்தியச் சந்தைக்கு நடங்கள். பன்னிரண்டு மணிக்கு அலுவலகங்கள் வெளியே கொட்டும், அதற்குள் சாப்பாட்டு வரிசையில் இருப்பது நல்லது. தால் பூரிக் கடையில் ‘என் பேர்’ என்று கேளுங்கள். இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் ‘ஒரு ஜோடி’ என்று பொருள். பெயர்ப் பதிவேட்டோடு காலையைக் கழித்துவிட்டு வந்து அதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சில் ஒன்று அசையும். பெரிய பயறுக் கறியும் சட்னியும் அச்சாரும் வைத்துச் சுருட்டித் தருவார்கள். காத்தோ பிமா நம் பருப்பு வடைக்கு நெருங்கிய சொந்தம். குடிக்க அலூதா: பால், சப்ஜா விதை, கடற்பாசி.

சாப்பிட்ட பிறகு காய்கறிப் பக்கம் போய்க் காதைத் திறந்து வையுங்கள். தமிழ் ஒரு வார்த்தை பேசத் தெரியாத கடைக்காரரும் ‘கொத்தோமிலி’ என்பார், கொத்தமல்லிதான். ‘காரிபூலே’ கறிவேப்பிலை. ‘முரும்’ கீரை முருங்கை. ‘பிபங்காய்’ பீர்க்கங்காய். கப்பலில் வந்தவர்களின் பெயரை எழுத்தர்கள் சிதைத்தார்கள், பேரப்பிள்ளைகள் மொழியை மறந்தார்கள், ஆனால் சமையலறை விடவில்லை. ஒரு பக்கம் ஒதுக்கி, கேட்கிற சொற்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் பார்த்த கற்களைப் போலவே இதுவும் மிச்சம்தான், ஆனால் இன்னும் உயிரோடு இருக்கிறது.

காசு கொடுக்கும்போது நோட்டைப் பாருங்கள். அதில் தமிழ் எழுத்து இருக்கும். நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், நம் தமிழர். 1998இல் வரிசை மாற்றித் தமிழைக் கீழே தள்ளி அச்சிட்டபோது இங்குள்ள தமிழர்கள் எதிர்த்தார்கள், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. எழுத்து இருக்கும் இடத்துக்காக எழுந்து நின்ற ஊர் இது.

8. பிற்பகல்: கோட்டைக்கு ஏறுவது

கால் வலித்தால் இதை விட்டுவிடலாம். தெம்பிருந்தால் இரண்டரை மணிக்கு அடிலெய்ட் கோட்டைக்கு நடங்கள். ஏற்றம் செங்குத்து, நிழல் குறைவு. ‘அட்லஸ்’ வந்த அதே 1834இல் கட்டத் தொடங்கி 1840இல் முடித்த கோட்டை. மேலே நின்றால் ஒரு பக்கம் 1812இலிருந்து குதிரைப் பந்தயம் நடக்கும் ஷாம் த மார்ஸ் திடல், பின்னால் பூஸ் மலை, எதிரே துறைமுகம். அங்கிருந்து கப்பல்துறையின் வளைவைப் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே நகர்ந்தால் டெப்போ இருந்த பகுதியைக் கண்டுபிடித்துவிடலாம். உயரமான கட்டடங்களுக்கு நடுவே அது எவ்வளவு சிறியது என்று அப்போது தெரியும்.

9. திரும்புவது

நான்கு மணிக்கு முன்னால் மெட்ரோவில் ஏறிவிடுங்கள். அதற்குப் பிறகு நிற்க இடம் இருக்காது. ஐந்தைத் தாண்டினால் கடைகள் மூடி, பகலில் அவ்வளவு நெரிந்த தெருக்கள் வெறிச்சோடிவிடும். தனியாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

வண்டியிலேயே குறிப்பேட்டை எடுத்து, அன்றைக்குப் பார்த்ததை எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போனால் எழுத மாட்டோம்.

பிறகு மூத்தவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். நான் போனபோது கல், சுவர், பதிவேடு, மனு எல்லாவற்றையும் பாட்டியிடம் ஒப்பித்தேன். முட்டிவலியால் அவரால் அங்கே வர முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “படி எத்தனைம்மா?” என்றார். நான் எண்ணவில்லை. அடுத்த வாரம் அதற்காகவே இன்னொரு முறை போனேன். ஒன்று, இரண்டு என்று நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கட்டில் விளிம்பை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்.